காய்ச்சலுக்காக ஜெபித்த சபை

அன்பான சபையாரே, என் மூத்த மகன் தாவீது காய்ச்சலில் சாகவில்லை. ஹெராயின் ஊசியில் செத்தான். அப்போது உங்களிடம் சொன்னது பொய்.

நான் சுங்காய் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவள். எழுபத்தொன்பதில் ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள். வேலை போய் ஈப்போவுக்கு வந்தோம். இரண்டே வருடத்தில் தாவீது அந்தப் போதையில் விழுந்தான். பதினெட்டு வயது. எனக்குக் குடும்ப மானம்தான் பெரிதாக இருந்தது. மகனுக்கு விடாத காய்ச்சல் என்று ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். நீங்களும் பாவம், காய்ச்சல் தீரத்தான் ஜெபித்தீர்கள். எண்பத்திரண்டில் ஒரு காலை குளியலறையில் கிடந்தான். முதலில் ஊசியை ஒளித்தேன், பிறகுதான் அழுதேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த தாய் நான்.

இளையவன் சாமுவேல் அப்போது சித்தியவானில் என் தங்கை வீட்டில் படித்துக்கொண்டிருந்தான். அவனிடமும் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். அடுத்த வருடம் வீட்டுக்கு வந்தவன் சட்டைப் பையில் அதே தூள் இருந்தது. பதினாறு வயது. கன்னத்தில் அறைந்தேன். அவன் அழவில்லை.

"அண்ணனும் இதத்தானே அடிச்சான்? அவன் காய்ச்சல்லதானம்மா செத்தான், இதுலயா செத்தான்?"

அன்று முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும் என்று மட்டும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் தலை குனிந்தீர்கள். மூன்று குடும்பங்கள் எழுந்தே போனீர்கள். இன்றும் என்னோடு பேசுவதில்லை. பேசவும் வேண்டாம்.

மேரி அக்கா ஒருவர்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுப் பையனையும் நெஞ்சுவலின்னு சொல்லிப் பொதச்சோம்லா," என்றார்.

மேரி அக்காவே ஆயர் தாவார் ஊரிலிருந்த தம் வீட்டில் சாமுவேலை வைத்துக்கொண்டார். வாந்தி, நடுக்கம், கெட்ட பேச்சு. அவரும் நானும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டோம், ஜெபித்தோம். பதினோராம் நாள் கஞ்சி கேட்டான். அதை விட்டு இப்போது ஐந்து வருடமாகிறது. பட்டறையில் வேலை செய்கிறான். கர்த்தருக்கு நன்றி.

தாவீதுக்காக ஏன் முன்பே வாய் திறக்கவில்லை என்று தினமும் என்னையே கேட்கிறேன். அந்தக் கசப்பு போகவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மாரே, ஆண்டவர் கேட்பார். நம்பிச் சொல்லுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் நிற்பேன். பிள்ளைக்கு மூச்சு இருக்கும்போதே வாருங்கள்.