பாதியில் நிறுத்திப் பார்த்தேன்

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளை எடை போடும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அந்தக் கோடையில் புரோகிராம் அடிக்கடி உறைந்துபோனது. திரையில் எடை வராது. வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும். மேலாளர் வேகமாக வந்து கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தி அணைப்பார். மறுபடி போட்டால் ஓடும். பிறகு, எடை போட உட்கார்ந்திருக்கும் செட்டிகுளத்துப் பெண்ணைப் பிடித்துக்கொள்வார்.

“கண்ட கீயத் தட்டுற. அதான் நின்னு போவுது.”

“நான் ஒண்ணும் தட்டல சார்” என்பாள். டிரைவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்கள்.

அணைத்துவிட்டால் புரோகிராம் எங்கே மாட்டியது என்ற தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். இதை அந்த மனிதரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் காலையில் புரோகிராமை டீபக்கருக்குள்ளிருந்து ஓடவிட்டேன். ஓடுவதைப் பாதியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் இன்னொரு புரோகிராம் அது. மத்தியானம் எடை வராமல் நின்றது. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினேன். புரோகிராம் அப்படியே நின்று, அடுத்து என்ன செய்ய என்று டீபக்கர் கேட்டது. அதற்குள் மேலாளரின் கை பவர் பட்டனுக்குப் போயிருந்தது.

“கைய எடுங்க சார்!”

“லாரி நிக்குதும்மா. நீயே நிறுத்திட்டு உக்காந்திருக்க?”

“நிறுத்திதான் வச்சிருக்கேன், சாகடிக்கல. பார்த்துட்டுத் திரும்ப ஓட விடுவேன். தினம் சாகடிக்கிறது நீங்கதான்.”

நான் கத்தியதில் வெளியே ஹாரன் சத்தமே நின்றுவிட்டது.

புரோகிராமின் எந்தப் பகுதி எந்தப் பகுதியைக் கூப்பிட்டு இந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று டீபக்கரைக் கேட்டேன். வரிசையாகக் காட்டியது. எடை மேடையிலிருந்து வரும் எண் முடிந்துவிட்டது என்று சொல்லும் குறிக்காகப் புரோகிராம் காத்துக்கொண்டிருந்தது. ஒயரில் அந்தக் குறி தவறிப்போனால் காலம் முழுக்கக் காத்திருக்கும்படி எழுதியிருந்தார்கள். கீபோர்டுக்கு அதில் வேலையே இல்லை.

“இவ மேல தப்பே இல்ல சார். இவகிட்ட அத ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“சரி சரி, சீக்கிரம் லாரிய அனுப்பு” என்று சொல்லிவிட்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். காத்திருப்பதை உடைத்துப் புரோகிராமை மறுபடி ஓடவிட்டேன். குறி வராவிட்டால் எடையைத் திரும்பக் கேட்கும்படி அன்றே மாற்றியும் எழுதினேன். அதன்பிறகு அது உறையவில்லை.

ஆனால் அடுத்த வாரம் அவள் வேலையை விட்டுவிட்டாள்.

“கீபோர்டுல கைய வச்சாலே நடுங்குதுக்கா. பெரம்பலூர்ல ஒரு துணிக்கடையில வரச் சொல்லியிருக்காங்க” என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். மேலாளர் காலி நாற்காலியைப் பார்த்து, “அந்தப் பொண்ணு எங்க?” என்று சாதாரணமாகக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த லாரியைக் கூப்பிட்டேன்.