குடத்தை வைத்துவிட்டுப் போகிறவன்

அப்பாவின் தங்கையான என் அத்தை, பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு சீட்டுக்கட்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சீட்டுக்கட்டைப் பற்றித்தான் கேட்டார்கள்.

பாளையம்பட்டியில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த சீட்டு இரண்டே வகை. புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆடுவது ஒன்று, செல்போனில் ஆடுவது மற்றொன்று. இரண்டுமே குடியைக் கெடுப்பவை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பந்தல்குடிப் பக்கம் லாரிக்காரர்கள் வண்டி நிழலில் துண்டை விரித்துச் சீட்டுப் போடுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவர். கூடத்தில் தங்கை கட்டைக் கலைத்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ள வச்சு?"

"இது வெளாடுற சீட்டு இல்லண்ணே. படம். ஒண்ண எடுத்து வச்சு, அதப் பாத்தா நமக்கு என்ன தோணுதுன்னு யோசிக்கணும். அம்புட்டுதான்."

"அப்ப ஜோசியமா?"

"ஜோசியமும் இல்ல."

சூதும் இல்லை, ஜோசியமும் இல்லை என்றால் அப்புறம் எதற்குச் சீட்டு என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் படங்கள் நன்றாக இருந்தன. பள்ளம் இருப்பது தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிற ஒருவன், அவன் காலடியில் குதிக்கும் நாய், சிங்கத்தின் வாயைச் சாதாரணமாக மூடிக்கொண்டிருக்கும் ஒரு பெண். பெங்களூரில் மாடி வீட்டில் குடியிருந்த ஒருத்தி இதைப் பழக்கிவிட்டாளாம். டாரோ என்று அத்தை பெயர் சொன்னாள். அந்தப் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. பெங்களூர் ஜோசியம் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு அக்கா வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழத்தோடு முதல் ஆளாக வந்தாள். காட்டில் போர் போட வேண்டும், எந்த மூலையில் போட்டால் தண்ணீர் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அத்தை ஒரு சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்து, "என்னக்கா தெரியுது?" என்றாள்.

"நீ சொல்லுவன்னுல்ல வந்தேன். நானே சொல்லிக்கிறதுக்கு எதுக்கு எலுமிச்சம்பழத்தோட வாரேன்?"

அவள் போகும்போது எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு தெருவிலிருந்து ஆள் வருவது குறைந்துபோனது.

அத்தை ஏன் வந்தாள் என்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் தெரிந்துகொண்டேன். தன் கணவரான என் மாமாவோடு வாழப் பிடிக்காமல் வந்திருந்தாள். அப்பா கேட்டதற்கெல்லாம் அவள் இல்லை என்றே பதில் சொன்னாள். அடித்தாரா, இல்லை. குடிக்கிறாரா, இல்லை. வேறு சகவாசமா, இல்லை. "பெறகு என்னதான்மா?" என்று அப்பா கேட்டபோது, "பேசுறதில்லண்ணே" என்றாள். அத்தை கிளம்பி வந்த நாலைந்து நாள் கழித்துத்தான் மாமா போன் செய்தார். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று கேட்டார். அத்தை சொன்னாள். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

அப்பாவுக்குத் தங்கை மேல் உயிர். ஆனாலும் பேசாமல் இருப்பதெல்லாம் ஒரு குற்றமா என்று அவருக்குக் குழப்பம். அவரே வீட்டில் அதிகம் பேசுகிறவர் இல்லை. மாமா வீட்டுப் பெரியவர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார். வந்து அழைத்துப் போவார்கள் என்பது ஏற்பாடு. என்ன முடிவு சொல்வது என்று தெரியாமல் அத்தை சரியாகச் சாப்பிடாமல் சீட்டுகளையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தண்ணீர் வரும் என்று பேச்சு. எங்கள் தெருக்குழாயில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. பின்னால் இருக்கிறவள் நம் குடத்தையும் சேர்த்து நகர்த்தி வைப்பாள். எதற்கெடுத்தாலும் வாய்ச்சண்டை போடும் அந்தத் தெருவில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை.

அத்தை அன்றைக்கு எடுத்த சீட்டில் கிண்ணமும் இல்லாமல் குடமும் இல்லாமல் ஒரு மாதிரியான எட்டுப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. கீழே ஐந்து, மேலே மூன்று, மேல் வரிசையில் ஒன்றுக்கு மட்டும் இடம் காலி. அவற்றுக்கு அந்தப் பக்கம் சிவப்புத் துணி போர்த்திய ஒருவன், கையில் கம்போடு, முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போகிறான். வானத்தில் நிலா.

"உனக்கு என்னடா தெரியுது?" என்று என்னைக் கேட்டாள். பாசம் வந்தால் என்னையும் டா போட்டுத்தான் கூப்பிடுவாள்.

எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. "கொடத்த வரிசையில வச்சிட்டு வீட்டுக்குப் போறாரு. தண்ணி இன்னும் வரல."

"அவரு திரும்பி வராட்டி?"

"கொடம் இருக்குல்ல அத்த. ஆளு இருக்க மாதிரிதான்."

அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அப்போது அப்பா உள்ளே வந்தார். அத்தை அவரிடமும் நீட்டினாள். வேண்டா வெறுப்பாக வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆடு மேய்க்கிறவன். பொழுது சாஞ்சிருச்சு, வீடு திரும்புறான்" என்றார். சொல்லிவிட்டு, "எல்லாரும் ஒரு நா வீடு திரும்பித்தானம்மா ஆகணும்" என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்.

அம்மா நிலைப்படி ஓரமாக உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஊர் திருச்சுழி. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவள். மெயின் ரோட்டில் திருச்சுழி பஸ் ஹாரன் கேட்டால் மட்டும் கை வேலையை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். தெரிந்த முகம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்க்கிறாள் போலும் என்று நான் நினைத்திருந்தேன்.

"மதினி, நீங்களும் சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்" என்று அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து சீட்டை வாங்கினாள். எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தாள். பிறகு, "அவன் பாட்டுக்குப் போயிட்டான். இந்த எட்டுக் கொடத்தையும் யாரு வீட்டுக்குத் தூக்குறது?" என்றாள். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தில் இருக்கிற குடத்தைக்கூடத் தூக்கக் கவலைப்படுகிறாளே என்று. அத்தை சிரிக்கவில்லை. வெகுநேரம் அம்மாவின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். காபி குடித்து, மழை பெய்யாததைப் பேசி, பேச்சு மெல்ல விஷயத்துக்கு வந்தது. மறுபடியும் அதே கேள்விகள். கை நீட்டினானா, குடிக்கிறானா. அத்தை இந்தத் தடவை இல்லை என்பதோடு நிறுத்தவில்லை.

"என் சாமானெல்லாம் அந்த வீட்டுல இருக்கு. அதப் பாத்துட்டு நானும் இருக்கேன்னு அவுக நெனச்சுக்கிட்டாக. கொடம் நின்னா ஆளு நின்ன மாதிரின்னு. ஆளு போயி ரொம்ப நாளாச்சு. அவுக பாக்கல."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் சொன்னதைத்தான் அத்தை சபையில் எடுத்துச் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா மட்டும் தலை நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அப்பா காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். "நாலு பேரு நாலு விதமாப் பேசுவாகளேம்மா. இங்கயே இருந்தா காலத்துக்கும் யாரு பாத்துக்கிறது?"

"நான் பாத்துக்கிறேன்."

அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வெளி ஆட்கள் இருக்கும்போது அவள் குரலை அந்த வீட்டில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "புடிக்காத எடத்துக்கு எதுக்குப் போகணும்? இங்க இருக்கட்டும். ஒருத்தியாவது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அப்பா அந்த வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் பெரியவர்கள் பக்கம் திரும்பி, "எல போடச் சொல்லுறேன். சாப்புட்டுட்டுப் போங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

சில மாதங்களில் அத்தைக்கு மதுரையில் வேலை கிடைத்தது. புறப்படும்போது அந்தச் சீட்டை மட்டும் உருவி அம்மாவிடம் கொடுத்தாள்.

"கட்டுல ஒண்ணு கொறையுமே" என்றாள் அம்மா.

"கொறைஞ்சா கொறையட்டும் மதினி."

அம்மா அதை உப்பு ஜாடிக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அத்தை போன பிறகு ஒரு சாயங்காலம் நானும் அம்மாவும் குழாயடியில் காத்திருந்தோம். மெயின் ரோட்டில் திருச்சுழி பஸ் போனது. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அது கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் பார்த்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த எனக்கு ஒன்று தோன்றியது.

"எட்டுக் கொடத்தையும் யாரு தூக்குறதுன்னு கேட்டேல்லம்மா. சின்னக் கொடத்த நான் தூக்குறேன்."

அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"தெரியும் தாயி. நீ இருக்கேல்ல. அதான் போகல."

எங்கே போகவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வந்தால் பின்னாலேயே தண்ணீர் வரும். நான் சின்னக் குடத்தை எடுக்க ஓடினேன்.