கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானே ஓடும் சின்ன வண்டி ஒன்றை என் மகள் செய்தாள். கல்லூரிப் போட்டியில் அது ஓடினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட், சின்ன பல்பு வைத்துக் கோட்டைப் பார்க்கும் சென்சாருக்கு ஐந்துதான்.

போட்டியன்று காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். ஆரியசாலையில் இருக்கும் தன் கடைக்குக் கிளம்பிய அவள் அப்பா வண்டியைக் குனிந்து பார்த்தார்.

“இந்த பல்பு எரியவே இல்லை, கேட்டியா. கரண்ட் காணாது,” என்று சென்சார் வயரை மோட்டார் பேட்டரியில் மாட்டினார். கருகல் வாசனை வந்தது.

மகள் ஓடி வந்தாள். “அய்யோ அப்பா, அது எரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாதாக்கும்!”

“நல்லதுக்குத்தானே மக்கா செஞ்சேன்,” என்றார்.

போட்டியில் வண்டி கோட்டை விட்டு நேரே போய்ச் சுவரில் முட்டியது. அவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. எனக்கு அவர் முன்னால் பேச்சு வராது. தையில் கல்யாணம் நடந்தது.