பெரிய டிரம்முக்குப் பின்னாடி ஒருத்தி

எங்க அக்கா பொண்ணுக்கு நான் வச்ச பேரு பம்பரம். பதினொண்ணாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல யார் எதுக்குக் கூப்பிட்டாலும் கையைத் தூக்கிடுவா. பேச்சுப் போட்டி, செஸ், நாடகம், ரிலே ஓட்டம், பேண்டு வாத்தியத்துல பெரிய டிரம்னு கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரிவா. வீட்டுக்கு வந்தா தட்டுல கையை வச்சபடியே தூங்கி வழிவா. பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுறவ. பிள்ளைங்களை எல்லாம் வீடு வீடா இறக்கிவிட்டுட்டு, மகளுக்காகத் திரும்பப் போய் கேட் வாசல்ல காத்துக் கிடப்பா. ஏன்க்கா இந்தப் பாடுன்னு கேட்டா, ரிலேல மெடல் வாங்குறாளே, நாளைக்குக் காலேஜ் சீட்டுக்கு உதவுமேம்பா. வேன்ல ஏறுற பெத்தவங்க ஒருத்தர் விடாம அந்த மெடல் கதையைக் கேட்டாகணும்.

பேண்ட் பிள்ளைங்களோட வெள்ளை உடுப்பை இஸ்திரி போடுறது என் கடைதான். அன்னைக்குச் சாயங்காலம் உடுப்பைக் கொடுக்க மைதானத்துக்குப் போயிருந்தேன். பேண்டுல பெரிய டிரம் அடிக்கிற அடிக்குத்தான் எல்லாரும் கால் எடுத்து வைக்கணும். நம்ம பம்பரம் ரிலே பயிற்சி முடிச்ச கையோட, மூச்சு வாங்க வாங்க ஓடி வந்து டிரம்மை மாட்டினா. கால்ல இருந்த ஓட்டம் அப்படியே கைக்கு ஏறிடுச்சு. முதல்ல நடந்தாங்க, அப்புறம் விறுவிறுன்னு நடந்தாங்க, மூலை திரும்பும்போது மொத்தப் பேண்டும் ஓடுது! டிரம்பெட் ஊதுற பொடிசுங்களுக்கு ஊதவும் முடியல, நிக்கவும் முடியல. ஒருத்தன் தொப்பி வேலியில போய் மாட்டிக்கிச்சு. நான் சிரிச்ச சிரிப்புல இஸ்திரி போட்ட உடுப்பெல்லாம் கசங்கிப் போச்சு.

பேண்ட் மாஸ்டர் சிரிக்கல. சத்தமும் போடல. அடுத்த மாசம் போட்டி, ரிலேக்கும் பேண்டுக்கும் ஒரே நாள்ல பயிற்சி, ஒண்ணு அங்க இரு, இல்ல இங்க இரு, திங்கக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா டிரம் வேற ஆளுக்குப் போயிடும்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

பம்பரம் வீட்டுக்குப் போகாம என் கடையில வந்து உட்கார்ந்தா. செஸ்ஸுக்குத் தோழி கூப்பிட்டான்னு போனாளாம், பேச்சுப் போட்டி சுத்தமாப் பிடிக்கலையாம். அந்த ரெண்டையும் அங்கேயே தலைமுழுகிட்டா. நாடகம் சனிக்கிழமைதான், அது இருக்கட்டும்னா. மிச்சம் ரிலேவும் டிரம்மும். இதுல யோசிக்க என்னடி இருக்கு, ஓடினா ஜெயிக்கிற, அந்த டிரம்முக்குப் பின்னாடி உன் மூஞ்சிகூடத் தெரியாதேன்னு கேட்டேன்.

"சித்தி, ஓடும்போது எப்படா முடியும்னு இருக்கு. டிரம் அடிக்கும்போது முடிஞ்சிடக் கூடாதேன்னு இருக்கு."

நான் இஸ்திரிப் பெட்டியைக் கையில எடுத்தேன்.

யாரையும் தூது விடல. ஒவ்வொரு வாத்தியாரையும் அவளே நேரில் போய்ப் பார்த்துச் சொன்னா. ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற பி.டி. சார் முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். வீட்டுல அக்கா ஆடின ஆட்டம் தெருவுக்கே கேட்டுச்சு.

"ஜெயிக்கிறதை விட்டுட்டு எவளாவது போவாளா?"

"நான் போறேம்மா."

அழல, குரல் உயரல. அக்காதான் அழுதா. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஆனா பம்பரம் ஒரு நாள் பயிற்சியை விடல. நேரத்துக்குச் சாப்பிட்டா, படிச்சா, படுத்தா. பெத்தவ முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறது அவளுக்கு வலிக்காம இல்ல, எனக்குத் தெரியும். அதுக்காக முடிவை மாத்திக்கல.

போட்டிக்குப் பேண்ட் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வந்ததே அக்காவோட வேன்தான். வேண்டா வெறுப்பா என் பக்கத்துல வந்து நின்னா. பேண்ட் உள்ளே வந்ததும் ஜனம் கை தட்டுச்சு. அந்தக் குஷியில முன்னாடி இருந்த பொடிசுங்க வேகமெடுத்தாங்க. போச்சுடான்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். டிரம் அசையல. அதே அடி, அதே நிதானம். பார்த்தா, ஒவ்வொரு பொடிசா கால் அடங்கி நடைக்கு வந்துடுச்சு. பம்பரத்துக்கு நெத்தி மட்டும்தான் வெளியே தெரிஞ்சுது. அக்கா எட்டி எட்டி அந்த நெத்தியையே பார்த்துக்கிட்டு நின்னா.

பரிசு வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடுச்சு. தோள் சிவந்து போய் அவ டிரம்மைக் கழட்டும்போது பி.டி. சார் வந்தார். ரிலேல இன்னும் இடம் இருக்கு, திங்கக்கிழமை வந்துடச் சொல்லுங்கன்னு அக்காகிட்ட சொன்னார். பம்பரம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தா.

அக்கா சொன்னா: "வரமாட்டா சார். திங்கக்கிழமை அவளுக்கு டிரம் இருக்கு."