உப்புக் கேட்ட பேய்

பழைய வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருவது என் தொழில். அந்தக் கேசட்டுகளுக்குள் பேய் தேடுவது என் வியாதி. கோயம்புத்தூரில் டவுன்ஹால் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. வருகிற கேசட்டுகளில் முக்கால்வாசி கல்யாணம், மீதி காதுகுத்து. எப்போதாவது ஒரு கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் மாட்டினால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. சாம்பிராணிப் புகையை மூடுபனி என்று நம்பி, நூல் கட்டி இழுத்த கதவைப் பார்த்து முதுகு சில்லிட்டு, அதற்காக வீட்டில் திட்டும் வாங்கும் என் சக பாவிகளே, இது உங்களுக்காக.

பெயர் இல்லாத படம்

பெருந்துறையில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து ஒரு படம் போட்டார்கள். அதில் ஒரு பேய் உச்சி வேளையில் வீடு வீடாகக் கதவைத் தட்டும். திறந்தால் ஒரு பெண் தலையைக் குனிந்து, முந்தானையை ஏந்தி, "ஒரு கை உப்புத் தாங்க" என்பாள். இல்லை என்ற வீட்டில் மறுநாள் சாவு. கடைசியில் கதாநாயகி உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறாள். கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் கரண்ட் வருவதற்குள் டெக்கைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

பிற்பாடு, மூடிப்போன ஒரு வீடியோ கடையின் கேசட் மூட்டையில் அதே படம் எனக்குக் கிடைத்தது. பெயர் ஓடுகிற பகுதி இல்லை. முடிவை எந்தக் காலத்திலோ ஒரு டெக் மென்று தின்றிருந்தது. பெயர் தெரியாத படத்தை இணையத்தில் எப்படித் தேடுவது? அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் கதையைச் சொல்லி, பேய்க்கு எதற்கு உப்பு என்று கேட்க ஆரம்பித்தேன். முதன்முதலில் கேட்டது எங்கள் காம்ப்ளக்ஸ் வாட்ச்மேனிடம். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கடையில உப்புத் தீந்து போயிருக்குமுங்க."

பண்ணைக்காரர்

பல்லடத்திலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் புதுமனை புகுவிழாக் கேசட்டோடு வந்தார். கேசட் பூராவும் பூஞ்சை. துடைத்துக் காயவைக்க நேரம் ஆகும் என்றதும் உட்கார்ந்துவிட்டார். நானும் சும்மா இருக்கமாட்டாமல் என் படத்தைப் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் நடக்கும்போது முழங்காலுக்குக் கீழே படமெடுக்காமல் விட்டிருப்பதையும், அதனாலேயே அவள் மிதப்பது போல இருப்பதையும் சொன்னேன். தந்திரத்துக்குச் செலவே இல்லை, கேமராவை ஒரு சாண் உயர்த்தினால் போதும். இந்த மாதிரி இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கும்.

அவருக்குக் கலங்கவில்லை. உப்பு விஷயத்தில் மட்டும் ஆழ்ந்துவிட்டார். செத்த உடம்பு இந்த ஊர் வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு, கேசட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது தீர்ப்புச் சொன்னார்: "அது பேயி இல்லீங்க. உப்புக்கண்டமுங்க."

அப்பாஸ் பாய்

கோட்டைமேட்டு அப்பாஸ் பாய் இல்லாவிட்டால் என் கடை இல்லை. இன்றைக்கும் டெக் ரிப்பேர் செய்யத் தெரிந்த, எனக்குத் தெரிந்த ஒரே மனிதர். எனக்கு முடிவு தெரியாமல் தூக்கம் கெடுவது அவருக்குத் தெரியும். எந்த வீட்டுப் பழைய கேசட்டைத் திறந்தாலும், உள்ளே உப்புப் பேய் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். அப்படி ஒருநாள் பதினொரு கல்யாணம் பார்த்தோம். பதினோராவதில் மாப்பிள்ளைக்கு முன்னால் எங்களுக்குத் தலை சுற்றியது.

பாய்க்குப் பேய் பயம் கிடையாது, ஈரப்பதம்தான் பயம். என் கேள்விக்கு அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா உப்புக் கையோட டெக்கத் தொட்டா, பேயா இருந்தாலும் நா உள்ள விடமாட்டேனுங்க."

ஜோசியர்

பெரிய விளக்கம் தந்தவர் ஒரு ஜோசியர். மகன் கல்யாணக் கேசட் கொண்டுவந்திருந்தார். உப்பு என்பது மகாலட்சுமி, பேய் கேட்பது உப்பை அல்ல, அந்த வீட்டின் லட்சுமியை என்றார். அப்படியானால் கொடுக்காத வீட்டில் ஏன் சாவு, கொடுத்த வீட்டில் அல்லவா விழ வேண்டும் என்றேன். மனிதர் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டிலிருந்து யார் உப்புக் கேட்டு வந்தாலும் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து: "சாஸ்திரம் வேறீங்க, சாக்கிரதை வேறீங்க."

எங்கள் வீட்டில்

என் மனைவி இந்தப் படத்தின் முதல் ஒண்ணேமுக்கால் மணி நேரத்தைப் பத்துப் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பாள். பார்த்திருப்பாள் என்று சொல்லமுடியாது, அடுப்படியில் இருந்தபடி கேட்டிருப்பாள். ஒருதரம் கரண்டியோடு கூடத்துக்கு வந்து, "அந்தப் புள்ள எதுக்கு உப்புக் கேக்குதுன்னா" என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் இசை வந்துவிட்டது. கையைக் காட்டி நிறுத்தினேன். அவளும் கோபப்படவில்லை: "சேரி, நீங்க பாருங்க."

கல்யாணம் முடிந்த பிறகு

போன மாதம் கருமத்தம்பட்டியிலிருந்து சரோஜா அக்கா வந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அவருடைய சொந்தக் கல்யாணக் கேசட். நாத்தனாரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இணைச்சீர்க் காட்சியைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சகோதரி செய்கிற சீர் அது. கேசட் நைந்துபோன நிலையில் இருந்தது. ஒரு தடவை ஓடும், இரண்டாம் தடவைக்கு உத்தரவாதம் இல்லை என்று பாய் சொல்லியிருந்தார். அக்காவை அருகில் வைத்துக்கொண்டே ஓட்டினேன். சீர் வந்தது, தாலி கட்டு வந்தது, பந்தி வந்தது. பாயசம் பரிமாறும்போது திரை நடுங்கியது. அடுத்து, கறுப்பு வெள்ளையில் ஒரு கை, கையில் ஜாடி, எதிரே கதவு.

நான் டெக்கை நிறுத்திவிட்டேன். அந்தக் காலத்து வீடியோக்காரர் புதுக் கேசட் என்று சொல்லி, படக் கேசட்டின் மேலேயே கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார். கல்யாணம் படத்தைவிடச் சின்னது, அதனால் வால் மிஞ்சிவிட்டது. அக்காவுடைய காட்சிகள் ஏறிவிட்டன, மிச்சத்தை ஓட்டினால் நாடா அறுந்தாலும் அறுந்துவிடும், ஓட்டட்டுமா என்று கேட்டேன். அவர் என்ன கதை என்றார். சொன்னேன். நான் கேள்வியைக் கேட்பதற்குள்ளேயே அக்கா சொன்னார், கொழம்பில் உப்புப் பத்தாமல் புருசன் அடித்துக் கொன்றிருப்பான் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டுங்கள் என்றார், ஓட்டினேன்.

கதாநாயகி உப்பைக் கொட்டுகிறாள். பேய் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு தெருக்கோடியில் இடிந்த வீட்டுக்குப் போகிறது. குளிர்ந்த அடுப்பு, மண்சட்டி. ஆளில்லாத கூடத்திலிருந்து ஓர் ஆண் குரல், "உப்பில்லை" என்கிறது. சாப்பாட்டுத் தட்டு பறக்கிறது, ஒரு கிணறு, ஒரு தள்ளு. பிறகு மறுபடி அதே அடுப்படி. அவள் சட்டியில் உப்பைப் போட்டுக் கலக்கி, கையில் விட்டு ருசி பார்க்கிறாள். யாருக்கும் பரிமாறவில்லை. தனக்கே ஓர் இலை போட்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சுபம்.

நாடா அறுந்தது அதற்கப்புறம்தான். நான் அழுதேன் என்பதை மறைக்கப்போவதில்லை. இத்தனை வருடம் யார் யாரிடமோ கேட்டும் தெரியாதது உங்களுக்கு எப்படிக்கா தெரிந்தது என்றேன். அக்கா பென்டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்: "ஏனுந் தம்பி, இத்தன வருசமும் ஆம்பளைங்க கிட்டயேதான் கேட்டீங்களாட்ட இருக்குது."

அன்று மதியம் வீட்டில் ரசத்தில் உப்பு ஒரு கல் குறைவாக இருந்தது. பேய்ப் படங்களில் ஊறிய அனுபவசாலி என்பதால் வாயே திறக்காமல் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.