சப்பரம் திரும்பும் முனை

தெரு குறுகல், அதனால்தான் மாதாவின் சப்பரம் உள்ளே வருவதில்லை என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் நான்கு தெருக்கள். திருவிழாவின் கடைசி நாள் மாலை மூன்று தெருக்களைச் சுற்றிவரும் சப்பரம், எங்கள் தெருமுனையில் சற்றே நின்று திரும்பிவிடும். பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு நாங்கள் முனைக்கு ஓடுவோம். தன் வீட்டு வாசலிலேயே திரி ஏற்றி மாதாவை வரவேற்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை.

அப்பா பங்குப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். கோயிலைவிடப் பள்ளிக்கூடம் மூத்தது. ஓர் ஓலைக் கொட்டகையில் முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், பூசை வைத்தது அதன் பிறகுதான் என்று பெருமையாகச் சொல்வார். அந்த ஓலைக்கடியில் முதலில் உட்கார்ந்தவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள்.

ஆண்டு முழுதும் சப்பரம் பள்ளியின் பின்புறக் கொட்டகையில்தான் இருக்கும். சாரல் காலத்தில் வகுப்பறை ஒழுகினால், அப்பா பிள்ளைகளை அதனருகே உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். அப்படியொரு நாளில் அளவுநாடாவை வரவழைத்து, தோள் கொடுப்பவர்களுக்கும் இடம் சேர்த்து அதன் அகலத்தை அளந்தார். மாலையில் வந்து தெருவை அளந்தார். மூன்றடி குறைந்தது.

அடுத்த கோடையில் இருபுறத்து வீட்டுக்காரர்களும் தங்கள் வாசற்படிகளைத் தாங்களே இடித்தார்கள். முதலில் இடிந்தது எங்கள் வீட்டுப் படி.

அந்தத் திருவிழா மாலையில் யாரும் முனைக்கு ஓடவில்லை. அவரவர் வாசலில் திரியோடு நின்றோம். சப்பரம் வந்தது, வழக்கமான இடத்தில் நின்றது. அப்பாவும் அம்மாவும் நடந்து போனார்கள்; நான் பின்னால் போனேன்.

கோயில் கமிட்டித் தலைவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "வாத்தியாரே, மாதா இங்கன நின்னே ஒங்களை எல்லாம் பாத்துட்டால்லா, போதும். ஏலே, திருப்புங்கலே."

"காலையிலதான் செங்கல் டிராக்டர் உள்ள வந்துட்டுப் போச்சு, அண்ணாச்சி," என்றாள் அம்மா. "அதைவிடவா மாதா பெருத்துட்டா?"

தூக்கி நின்றவர்களில் இருவர் சிரித்துவிட்டார்கள். தலைவரின் முகம் மாறியது. "ஏட்டி, கோயில் காரியத்துல ஒனக்கு என்ன பேச்சு?"

அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவரின் மனைவியை அவர் ஏட்டி என்றார். பங்குச் சாமியார், "அடுத்த வருஷம் பாப்போம்," என்று சொல்லிச் செபமாலையைத் தொடர்ந்தார். சப்பரம் திரும்பியது.

எங்களைத் தடுத்தது எங்கள் சாதி என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கும். அளந்து காட்டிவிட்டால் பொய் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எண்ணியிருப்பார். மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே அவர் பள்ளிக்குப் போய்விட்டார்.

அப்பா இறந்த சில ஆண்டுகளுக்குப் பின் பள்ளிக்கு ஆண்டுவிழா மலர் போட்டார்கள். மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பங்கின் வரலாறு என்ற பகுதியில், சப்பரம் ஊரின் எல்லாத் தெருக்களிலும் பவனி வருவதாக இருந்தது. 'எங்கள் தெருவைத் தவிர' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். நான் குறித்த எழுத்துப்பிழைகள் அத்தனையையும் திருத்திவிட்டு, அந்த வரியை மட்டும் பழையபடியே அச்சிட்டார்கள்.

எங்கள் தெருவினர் குடும்பம் குடும்பமாக வேறு செபக்கூடங்களுக்குப் போனார்கள்; சிலர் செபத்தையே விட்டார்கள். நானும் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

"இன்னும் எதுக்கும்மா அங்கன போற?" என்று ஒருமுறை கோபமாகவே கேட்டேன்.

"மாதா என்னட்டி செய்வா? தூக்குதவன் போற பக்கம்தான அவளும் போவா," என்றாள் அம்மா, சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டே.

எங்கள் தெருவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவள் இப்போது அவள் ஒருத்திதான்.