அண்ணா வண்டியின் ஸ்ப்ரிங்

கார் ராலிப் பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமைகளில் எங்கள் பாலிகஞ்ச் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் பின்சக்கரம் இல்லாமல் செங்கல் அடுக்கின்மேல் நிற்கும். ஒன்றின் அடியிலிருந்து என் கணவரின் கால்களும் மற்றதன் அடியிலிருந்து என் கொழுந்தனின் கால்களும் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு வங்காளி மாமா பை நிறைய மீனோடு போகிறபோது, “என்ன பௌதி, இன்றைக்கு இரண்டு பேருக்கும் ஆபரேஷனா?” என்று கேட்காமல் போகமாட்டார்; பௌதி என்றால் அவர்கள் பாஷையில் மன்னி. நான் காபியைக் கொண்டுபோய்க் கால்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். எழுபதுகளில் அந்த வாசலில் நடந்ததில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

இரண்டும் ஒரே கம்பெனியின் சின்னக் கார்கள். கொழுந்தனுடையது பழையது, இரண்டு கதவு. என் கணவருடையது பிறகு வந்தது, நான்கு கதவு. மேலே பார்க்கத்தான் வித்தியாசம், அடியில் எல்லாம் ஒன்றே. பின்னால் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்ப்ரிங். வண்டியின் பின்பாரம் முழுவதும் அதன் தலையில்தான். கொழுந்தனின் ஸ்ப்ரிங் ராலி ஓடி ஓடித் தொய்ந்துவிட்டது. புதியது மெட்ராஸிலிருந்து வரவேண்டும். எழுதிப் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தும் வரவில்லை. பழைய கார் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் தேடினால் இதைவிடத் தொய்ந்ததுதான் கிடைத்தது. அதனால் ராலி வந்தால் அண்ணாவின் ஸ்ப்ரிங் தம்பி வண்டிக்குப் போகும், முடிந்ததும் திரும்பி வரும். இடைப்பட்ட நாட்களில் எங்கள் வண்டி தம்பியின் தொய்ந்த ஸ்ப்ரிங்கோடு சினைப்பூனை மாதிரி பின்பக்கம் தாழ்ந்து, கிடர்பூர் துறைமுக ஆபீஸுக்கு மெதுவாகப் போய்வரும்.

இரவல் வாங்கியது அதே பொருளாகத் திரும்ப வேண்டும் என்பதில் அந்த வீட்டு ஆண்களுக்கு ஒரு பிடிவாதம். மாறிவிடக்கூடாது என்று அண்ணாவின் ஸ்ப்ரிங்கில் வெள்ளைப் பெயின்ட், தம்பியுடையதில் நீலப் பெயின்ட் என்று அடையாளம்கூட வைத்திருந்தார்கள். இந்த இரும்புக்குக் கல்யாணம் பண்ணித் தாலி கட்டுவதுதான் பாக்கி என்று நான் கேலி செய்வேன்.

அந்தக் கடைசி ராலி ஹஜாரிபாக் காட்டுப் பக்கம் நடந்தது. புருவம் வரைக்கும் செம்மண் அப்பியிருக்க, கையில் இரண்டாம் பரிசுக் கோப்பையோடு வந்து இறங்கினான் கொழுந்தன். வழியில் ஒரு கல்மேட்டில் பின்பக்கம் மடேரென்று அடித்ததாகவும், அதற்குப் பிறகும் வண்டி குதிரை மாதிரி ஓடியதாகவும் தலைகால் புரியாமல் சொல்லிக்கொண்டிருந்தான். கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக ஜாக்கியை எடுத்தான்.

“குளிச்சுச் சாப்பிட்டுத் தூங்குடா. நாளைக்கு நான் டிராம்ல போய்க்கறேன்” என்றார் என் கணவர்.

“என் கூத்துக்கு நீ ஏன் டிராம்ல தொங்கணும்? விளக்கு வைக்கறதுக்குள்ள உன் ஸ்ப்ரிங் உன் வண்டில இருக்கும்” என்றான்.

சொன்னபடியே செய்தான். கெரசினில் கழுவி, துணியால் துடைத்து, வெள்ளை அடையாளம் பளிச்சென்று தெரிய மாட்டிவிட்டுத்தான் குளிக்கப் போனான்.

அந்த வாரமே, கிடர்பூரிலிருந்து திரும்பும் வழியில் ஒரு வளைவில், எங்கள் கார் பின்பக்கம் சரிந்து, நின்றுகொண்டிருந்த லாரியில் மோதியது. நெஞ்சில் அடி. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் நினைவோடுதான் இருந்தார். ஒரு மதியம், அறையில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“பின்னாடி உக்காந்துடுத்து. ஸ்ப்ரிங்தான். அவன்கிட்ட சொல்லாதே. பிரேக் பிடிக்கலைன்னு சொல்லு. பிரேக்கைப் பாக்கச் சொல்லி நீ சொன்னே, நான் பாக்கலை. அவ்வளவுதான்.”

“எதுக்கு இந்தப் பொய்?” என்றேன்.

“அவன் தாங்கமாட்டான். எனக்கப்பறம் உங்களுக்கு அவன்தானே இருக்கான்.”

அவர் போன பிறகு அப்படியே சொன்னேன். கொழுந்தன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். ஒரு பஸ் பிரேக்டவுன் ஆனால்கூட டிரைவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறவன், அன்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

பொய்க்கு விலை கொடுத்தது செத்தவர்தான். துக்கம் கேட்க வந்தவர்களில் தொடங்கி எல்லாரும், “காட்டிலே மேட்டிலே ஓட்டறவன் நன்னா இருக்கான், ஆபீஸ் போறவனுக்குப் பிரேக்கைப் பாத்துக்கத் துப்பில்லை” என்று பேசினார்கள். சனிக்கிழமை தவறாமல் காரின் அடியில் படுத்துக் கிடந்த மனிதரைச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொழுந்தன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். நானும் வாயைத் திறக்கமாட்டேன்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. கொழுந்தன் தன் காரை விற்றுவிட்டான், ராலி என்ற பேச்சையே எடுப்பதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. குழந்தையைப் பள்ளிக்கூடம் கொண்டுவிட்டான், துர்க்கா பூஜைக்குப் பந்தல் பந்தலாகத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினான், ஜாதவ்பூரில் கல்லூரி சேர்க்கும்போது வரிசையில் நாளெல்லாம் நின்றான். அவளுக்கு அப்பா என்றால் சுவரில் ஒரு போட்டோ, அதுவும் அசட்டையாக இருந்து எங்களை நட்டாற்றில் விட்டவரின் போட்டோ. “சித்தப்பா தெருவைத் தாண்டறதுக்கே எவ்வளவு பாக்கறா! அப்பா அதுல பாதி ஜாக்கிரதையா இருந்திருந்தா நீ இப்படி நிக்கவேண்டாம்” என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு சாதம் பரிமாறியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் கொழுந்தன் நோயில் விழுந்தான். நுரையீரல். ஆஸ்பத்திரியில் கஞ்சியை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“மன்னி, அண்ணா வண்டில பிரேக் நன்னாத்தான் இருந்தது.”

ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

“அடிபட்ட மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியைப் பாத்தேன். ஸ்ப்ரிங் ரெண்டா போயிருந்தது. உடைஞ்ச இடத்துல பாதி பளபளன்னு இருந்தது, மீதி பாதில செம்மண். ஹஜாரிபாக் மண்ணு, மன்னி. அங்கேயே விரிசல் விட்டிருக்கு. பட்டையைப் பிடிக்கற கிளிப்புக்கு அடியில இருந்திருக்கு, நான் பாக்கலை. பாக்காமலே அண்ணாக்கு மாட்டிக் கொடுத்துட்டேன்.”

“தெரிஞ்சுமா நான் பிரேக்னு சொன்னபோது சும்மா இருந்தே?”

“அண்ணாதான் சொல்லச் சொல்லியிருப்பான்னு புரிஞ்சுது. அவன் பேச்சை மீறக்கூடாதுன்னு அப்போ நினைச்சேன். அப்புறம் குழந்தை என் கையைப் பிடிச்சுண்டு நடக்க ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்பறம் பயம்தான்.”

எனக்கு அவன்மேல் இரக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் என் கணவரைக் கண்டவரெல்லாம் கரித்துக்கொட்ட, தெரிந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். “அவகிட்ட நீயே உன் வாயால சொல்லிடு” என்றேன். “நாளைக்கு வரட்டும், சொல்றேன்” என்றான். நிஜமாகவே சொல்லியிருப்பான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று சாயங்காலமே நினைவு தப்பிவிட்டது. மறுநாள் மகள் வந்து, “சித்தப்பா, சித்தப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு நானே அவளிடம் சொன்னேன். ஸ்ப்ரிங், செம்மண், ஆஸ்பத்திரியில் அவள் அப்பா சொன்னது, எல்லாவற்றையும். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்பா பேரைக் காப்பாத்த உனக்கு சித்தப்பாதான் கெடைச்சாராம்மா? அதுவும் அவர் பதில் சொல்ல முடியாம போனப்பறம்?” என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குமேல் நான் எதைக் காட்டி நிரூபிப்பது? வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்தப் பேச்சை இருவருமே பிறகு எடுக்கவில்லை.

இப்போது என் பேத்தி கார் ஓட்டுகிறாள். அவள் சாவியை எடுக்கிற ஒவ்வொரு காலையும் என் மகள் பால்கனிக்கு வந்து கீழே எட்டிப் பார்த்துக் கத்துகிறாள்: “பிரேக்கைப் பாத்தியாடீ? உங்க தாத்தா அதைப் பாக்காமத்தான் போனார்!” பேத்தி, “பாத்தாச்சும்மா” என்று சிரித்துவிட்டுக் கிளம்புகிறாள். நான் பால்கனி நாற்காலியில், என் மகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.